முட்டைச் சாமி

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகனுக்கும் மாரியாத்தாளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்கிறாள். ஒன்றரை அடி உயரம். பச்சைப் பாவாடை, சிவப்பு மேலங்கி. மூக்கு நுனியில் சாயம் பெயர்ந்து சுண்ணாம்பு தெரியும். கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கண்கள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அவளைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். நான் மின்விசிறியைப் பார்ப்பேன். ஐம்பத்தெட்டு வயதில் செல்லையா மதம் மாறிவிட்டானா, இல்லை மூளைதான் இடம் மாறிவிட்டதா என்று அவர்கள் யோசிப்பது தெரியும். இரண்டும் இல்லை. அவள் பக்கத்து வீட்டுக்காரி. பின்பக்கச் சுவருக்கு மேலே, பழைய கைலியில் சுற்றப்பட்டு, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவள்.

பக்கத்து வீடு சவரிமுத்துவினுடையது. புக்கிட் ரோத்தானைத் தாண்டி, நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது எங்களுக்கென்று கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள் இவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் தும்மினால் என் மனைவி குமுதா இங்கிருந்து "நூறு வயசு" என்பாள். தோட்டத்துக் கூலி வீடுகளான லயத்தில் இருந்தபோதும் அவன் வீட்டுக்கு அடுத்தது என் வீடுதான். அப்போது பலகைச் சுவர், இப்போது செங்கல். முப்பது வருடத்தில் நாங்கள் கண்ட முன்னேற்றம் அவ்வளவு.

அவன் எண்ணெய் ஆட்டுகிற செம்பனைக் குலை வெட்டுவான், நான் அதை லோரியில் ஏற்றி ஆலைக்கு ஓட்டுவேன். சிறு நிலக்காரர்களின் தோப்புகளில் குத்தகை வேலை. முப்பது அடி மரத்தைப் பார்த்துக் கழுத்தை வளைத்து, நீளக் கம்பின் நுனியில் இருக்கும் அரிவாளை மட்டையின் அடியில் கொடுத்து, ஒரே இழுப்பு. மட்டை முதலில் விழும், குலை பிறகு விழும். இருபது கிலோ பழம் தரையில் விழும்போது 'தொம்' என்று வருகிற சத்தத்தை வைத்தே அது பழுத்ததா காயா என்று சொல்லிவிடுவான். அவனுக்கு இடது கண் சின்ன வயதில் மணல்வாரி அம்மை போட்டதிலிருந்து மங்கல். வேலை முழுக்க வலது கண்ணில்தான் ஓடியது.

தோட்டத்தில் மாரியம்மன் கோயிலுக்கும் மாதா கோயிலுக்கும் நடுவில் ஒரு குழாயடிதான். மாதா கோயிலில் மூன்று சொரூபங்கள்: மாதா, அந்தோணியார், இந்த லூசியம்மாள். டிசம்பர் பதின்மூன்றாம் தேதி லூசியம்மாள் சப்பரம் லயத்தைச் சுற்றி வரும். கத்தோலிக்கக் குடும்பங்கள் மொத்தம் பதினொன்று. சப்பரத்துக்கோ பதினாறு தோள் வேண்டும். குறைகிற தோள்களை எங்கள் பக்கத்திலிருந்து எடுப்பார்கள். நெற்றியில் திருநீறோடு நான் ஆறு வருடம் சப்பரம் தூக்கியிருக்கிறேன். கூலி, ஒரு குவளை சீனிப் பாலும் பன்னும். மழைக்கால ஈரத்தில் ரப்பர் பால் நாற்றமும் மெழுகுவத்தி வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் கரண்டு போய்க் குமுதா மெழுகுவத்தி ஏற்றினால் எனக்குத் தோள் வலிக்கும்.

அந்தத் தட்டில் இருப்பது கண் என்று எனக்குத் தெரியாது. அவித்த முட்டை என்று நினைத்திருந்தேன். முனீஸ்வரனுக்கு முட்டை வைப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறவர்கள். வேறென்ன தோன்றும்? 'முட்டைச் சாமி' என்று நான் வைத்த பெயர் பிள்ளைகளிடம் பரவி, மாதா கோயில் உபதேசியார் காதுக்குப் போய்விட்டது. அவர் என் காதைப் பிடித்தார். கண்ணைக் காப்பாற்றுகிற அம்மா, தன் கண்ணையே கொடுத்தவள் என்று விளக்கினார். கொடுத்துவிட்டால் பிறகு எப்படிப் பார்க்கும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, போய் சப்பரத்தைத் தூக்கு என்றார்.

உபதேசியாரின் மகள்தான் புஷ்பம். மரியபுஷ்பம். சவரிமுத்துவின் மனைவி. தோட்டம் மூடியபோது மாதாவையும் அந்தோணியாரையும் பட்டணத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். மூக்கு பெயர்ந்த லூசியம்மாளுக்கு அங்கே இடமில்லை. புஷ்பம் மடியில் வைத்துக்கொண்டு என் லோரியில்தான் இந்த வரிசை வீட்டுக்கு வந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் சவரிமுத்து சபை மாறினான். அவன் மகள் ஜெசிந்தா செரண்டாவில் தொழிற்சாலை வேலை. அவள் வழியாக, புக்கிட் செந்தோசாவில் கடைவரிசை மாடியில் நடக்கிற ஒரு சபைக்குப் போகத் தொடங்கினான். போனபின் குடியை விட்டான். இதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்குத்தான் பாவம். இருபது வருடம் புஷ்பம் அழுது நடக்காத காரியம் அந்த மாடியில் நடந்தது. பாஸ்டரும் நல்ல மனிதர். சின்னக் காரில் ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்து, ஒரு டம்ளர் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு, இவன் கையைப் பிடித்து ஜெபம் செய்துவிட்டுப் போவார். ஆனால் சொரூபம் கூடாது, புனிதர்களிடம் கேட்கக்கூடாது, நேராகக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சவேரியார் பெயரையே அடையாள அட்டையில், ஐசியில், வைத்துக்கொண்டு புனிதர் வேண்டாம் என்றால் எப்படி என்று நான் கேட்டதற்கு, பெயர் மாற்றப் பதிவு அலுவலகத்தில் நம்பர் எடுத்துக் காத்திருக்கணும் லா என்றான்.

ஒருநாள் லோரியில் போகும்போது விவரம் கேட்டேன்.

"நடுவுல ஒரே ஆளுதான்டா. இயேசு. வேற ஒருத்தரும் இல்ல."

"மண்டோரு, கிராணி?"

"கெடையாது. நேரா தொரதான்."

மண்டோர் வேலை வாங்குகிறவன், கிராணி பேர் எழுதுகிறவன், இருவருக்கும் மேலே தோட்டத்து மானேஜர் துரை. "அந்தத் தோட்டத்துல வேல செய்ய நல்லாத்தான் இருக்கும்," என்றேன்.

அவன் சிரித்தான். அவனைச் சிரிக்க வைப்பது எனக்குப் பழக்கம். அந்தப் பழக்கம்தான் வினையானது.

அக்டோபர் தொடக்கம். மழை விட்டு வெயில் அடித்த காலை. அவன் கண்ணாடி வியர்வையில் மங்கியதால் நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தான். நான் லோரிப் பலகையில் உட்கார்ந்து கதை விட்டுக்கொண்டிருந்தேன். நம்ம தோட்டத்துக் கிராணி செத்து மோட்சத்துக்குப் போனான், போன மறுநாளே காலை ஐந்தரைக்கு எல்லாரையும் பெரட்டுக்கு நிற்கச் சொன்னான் என்று ஆரம்பித்தேன். பெரட்டு என்றால் காலையில் வரிசையாக நின்று பேர் கொடுப்பது. சவரிமுத்து அதற்கே வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே தலையை அண்ணாந்து அரிவாளை இழுத்தான். மட்டையோடு தூசும் சிலாம்பும் கொட்டியது. கதையின் முடிவை நான் சொல்லவில்லை.

கண்ணைக் கசக்கினான். குழாய்த் தண்ணீரில் கழுவினான். மளிகைக் கடையில் ஐந்து வெள்ளி கொடுத்து ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டு நாலு நாள் வேலைக்கும் வந்தான். ஐந்தாம் நாள் கருவிழியில் அரிசி போல ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிய ஆஸ்பத்திரியில் பூஞ்சைத் தொற்று என்றார்கள். மணிக்கொரு தடவை சொட்டு மருந்து. அதற்குக் கேட்காவிட்டால் கண் போகும். வலது கண் போனால் மிச்சம் இருப்பது மங்கல் கண். குலையும் தெரியாது, மரமும் தெரியாது, மகள் முகமும் தெரியாது.

என் கதையால் கெட்ட கண் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊரையே சிரிக்க வைக்கிறவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

புஷ்பம் லூசியம்மாளுக்கு நவநாள் தொடங்கினாள். சொரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்தி, ஒன்பது நாள் ஜெபம். சவரிமுத்துவுக்கு அது தாங்கவில்லை. மாடியில் நாற்பது பேர் உபவாசம் இருந்து கேட்கும்போது வீட்டுக்குள் சொரூபத்தை வைத்துக்கொண்டால் கேட்டது எப்படிக் கிடைக்கும் என்று பயந்தான். கண் போகப்போகிற பயம் அது, அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாள் மத்தியானம் புஷ்பம் கடைக்குப் போயிருந்தபோது பின்பக்கச் சுவரில் என்னைக் கூப்பிட்டு, கைலியில் சுற்றிய மூட்டையை நீட்டினான். உடைக்க மனம் வரவில்லையாம். ஆற்றில் போடவும் வரவில்லையாம்.

"நீ வச்சுக்க. உனக்குத்தான் சாமி கணக்குல ஒண்ணு கூடினாலும் தப்பில்லையே."

மூட்டை கைக்கு வந்ததும் எடை தெரிந்தது. அன்று சப்பரத்தில் தோளை அழுத்திய அதே எடை போலிருந்தது. தோள் வலித்தது.

அன்று சாயங்காலமே குமுதா போய்ப் புஷ்பத்திடம் சொல்லிவிட்டாள். குமுதாவிடம் ரகசியம் சொன்னால் அது நடந்து போகாது, ஓடும். புஷ்பம் கத்தவில்லை, அழவில்லை. புருஷனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான். ஆனால் சொட்டு மருந்து ஒரு வேளையும் தவறவில்லை. கைப்பேசி மணி அடிக்கும். அவள் வருவாள். அவன் தலையைச் சாய்ப்பான். இமையைத் தூக்கிச் சொட்டு விட்டு, ஓரத்தைத் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தை இல்லாமல் போய்விடுவாள். பகலும் ராத்திரியும் அப்படித்தான்.

மற்ற பேச்சுக்கெல்லாம் நான் நடுவில் வந்தேன். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டு, புளிக்குழம்பு வேண்டுமென்று அவளிடம் சொல்லு என்பான். அவள் மூன்றடி தள்ளித் துணி காயப் போட்டுக்கொண்டிருப்பாள். நான் சொல்வேன். புளி ஆகாது, பத்தியம் என்று சொல்லுங்கள் என்பாள். நான் சொல்வேன். நேராக துரையிடம் பேசுகிற கட்சிக்காரன் கட்டிய பெண்டாட்டியிடம் பேச ஒரு கிராணியை வைத்திருக்கிறான் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். அது வேற லா என்றான்.

குமுதா லூசியம்மாளை முருகனுக்குப் பக்கத்தில் வைத்தாள். இளவயதில் நான் சொன்ன 'முட்டைச் சாமி' கதை அவளுக்கு நினைவிருந்தது, அது தப்பு என்பது நினைவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு முட்டை அவித்துப் படைத்தாள். பிரசாதம் என்று நான் சாப்பிட்டேன். மறு வாரம் புஷ்பம் பார்த்துவிட்டு, அது கண்ணு என்று சொன்னபோது குமுதாவுக்கு முகம் செத்துப்போனது. ஆனால் அவள் சமாளிக்கக்கூடியவள். கண்ணுக்கென்று ஒரு தெய்வம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பேருந்து ஏறிக் கிள்ளானுக்குப் போய், வெள்ளியில் ஒரு ஜோடி கண்மலர் வாங்கி வந்து லூசியம்மாள் காலடியில் வைத்தாள். மாரியாத்தாளுக்கு வைப்பது போல. முகத்தில் இருப்பது போக அந்த அம்மாளிடம் இப்போது நாலு கண்.

புஷ்பம் தினம் ஐந்து மணிக்குச் சீனி வாங்க வருவாள். கையில் ஒரு சின்னக் கிண்ணம். சீனி ஒரு சாக்கு, சவரிமுத்து காதில் விழுவதற்காகச் சத்தமாகக் கேட்பது. கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அலமாரி முன் நிற்பாள். கால் மணி நேரம். போகும்போது கிண்ணத்தில் சீனி இருக்கும். மறுநாள் அதே கிண்ணத்தில் ஒரு துண்டு பலாக்காயோ நாலு பச்சை மிளகாயோ வரும். பத்தியச் சமையல் நடக்கிற வீட்டில் யார் அவ்வளவு சீனி தின்கிறார்கள் என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு கண்ணில் புண், ஒரு கண்ணில் மங்கல், ஆனாலும் அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் நான் அவளிடம் அவன் சொன்னதையே கேட்டேன். துரை இருக்கும்போது கிராணி எதற்கு?

"நீங்க ரெண்டு பேரும் இந்தக் கிராணி கதைய விடவே மாட்டீங்களாண்ணே?" என்றாள். முந்தானையால் லூசியம்மாள் மூக்கைத் துடைத்தாள். "நான் இவங்களக் கும்பிடல. எனக்காகக் கொஞ்சம் கேளுங்கன்னு சொல்றேன். அவரு மாடியில நாப்பது பேருகிட்டச் சொல்லலையா, எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு? அவங்களும் நடுவுலதான நிக்கிறாங்க."

"அவங்க உசுரோட இருக்காங்களே."

"இவங்க கடவுள்கிட்ட இருக்காங்க. அது உசுரு இல்லையா? எங்கப்பா செத்துப் பதினெட்டு வருசம் ஆச்சு. எனக்கு அப்பா இல்லாமப் போயிட்டாரா?" கொஞ்சம் நிறுத்தினாள். "கடவுள் கேக்கமாட்டாருன்னு இல்லண்ணே. அவரு கேப்பாரு. நமக்குத்தான் சில நேரம் வாய் வராது. இத்தன வருசம் அந்த மனுசனத் திட்டித் திட்டி வேண்டியிருக்கேன், அவரு கைகால் வெளங்காமப் போகட்டும்னுகூட. இப்பக் கண்ணக் குடுன்னு எந்த வாயால கேப்பேன்?"

அவள் போன பிறகு நான் அலமாரி முன் நின்றேன். குமுதா அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன். "நான்தாம்மா சிரிக்க வச்சேன்," என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திருநீறு பூசுவதா சிலுவை போடுவதா என்று தெரியாமல் காதைப் பிடித்துக்கொண்டேன். உபதேசியார் பிடித்த அதே காது.

நவம்பர் கடைசியில் மருந்து கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டது. என் பழைய காரில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவன் முன்னால், அவள் பின்னால். ஜெரமில் ஆரம்பித்த மழை கடைசிவரை விடவில்லை. டாக்டர் நம்ம தமிழ்ப் பெண், விஷாலினி என்று சட்டையில் பேர் இருந்தது. ஜெசிந்தா வயதுதான் இருக்கும்.

"அங்கிள், இன்ஃபெக்ஷன் உள்ள போகுது. இனி ஆப்பரேஷன்தான். கருவிழிய மாத்தணும். டோனர்கிட்டேருந்து வரும்."

"டோனர்னா?" என்றான்.

"இறந்தவங்க அங்கிள். இறந்த பிறகு குடுத்துட்டுப் போனது."

சவரிமுத்து டாக்டரைப் பார்த்து, கொடுத்தது யார் என்று கேட்டான். அதைச் சொல்வதில்லை, எங்களுக்கே தெரியாது, வெளிநாட்டிலிருந்துகூட வரும் என்றாள் அந்தப் பெண். கையெழுத்துப் போட்டால் கருவிழி கிடைத்ததும் கூப்பிடுவார்கள். ரொம்ப நாள் தள்ளினால் கண்ணையே எடுக்கும்படி ஆகும்.

புஷ்பம் என் பக்கம் திரும்பினாள். அவன் அவளுக்கு அந்தப் பக்கம், முழங்கை இடிக்கிற தூரத்தில்.

"செத்தவங்க நமக்கு ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொன்னாரே. இப்ப இந்தக் கண்ணு யாருகிட்டேருந்து வருதாம்? கேட்டுச் சொல்லுங்கண்ணே."

நான் கேட்கவில்லை. அதற்கு நடுவாள் தேவைப்படவில்லை. டாக்டர் பெண் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சவரிமுத்து காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மூன்று நாள் ஆனது. நாலு நாள் ஆனது. காகிதம் பையிலேயே இருந்தது. புஷ்பம் சொட்டு விட வரும்போது அதன் மேல்தான் அவள் கண் போகும். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவன் பக்கெட்டில் உட்கார்ந்திருந்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். தோப்பில் உதிரிப் பழம் அழுகும் வாசனை வந்தது.

"பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"வாங்கிக்கலாம்னாரு. டாக்டர் கையும் ஆண்டவர் குடுத்த கைதான், பயப்படாம போட்டுக்கன்னாரு."

"அப்புறம் என்னடா உனக்கு?"

"வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமாடா?" மடித்த காகிதத்தைத் தடவிப் பார்த்தான். "லயத்துல ஒரு வீட்டுலேருந்து கொழம்பு வந்தா கிண்ணத்தக் காலியாத் திருப்பினதுண்டா? ரெண்டு வெங்காயமாச்சும் போட்டுத்தான குடுப்பாங்க. எங்கம்மா ஒருநா வீட்டுல ஒண்ணுமே இல்லாம, அரளிப்பூவப் பறிச்சுப் போட்டுக் குடுத்துச்சு. இது கொழம்பு இல்ல. கண்ணு. எந்த வீட்டுக் கிண்ணம்னே தெரியல."

"கடவுளுக்கு நன்றி சொல்லு."

"அவருக்குச் சொல்லுவேன், அது வேற. ஆனா கழட்டிக் குடுத்தது அந்த ஆளுதான. ஆம்பளையோ பொம்பளையோ. எந்த நாட்டு ஆளோ. யாரோ எழவு விழுந்த வீட்டுல உக்காந்து அழுதுகிட்டே, சரி எடுத்துக்கங்கன்னு கையெழுத்து போட்டிருப்பாங்க. நான் இங்க ஒரு கையெழுத்துக்கு யோசிக்கிறேன்."

"அப்ப அந்த ஆளுகிட்டயே சொல்லிடு."

"அங்கதான் மாட்டிக்கிட்டேன். செத்தவங்ககிட்டப் பேசக்கூடாது."

நான் நாற்பது வருடமாகப் பேசிப் பேர் எடுத்தவன். கல்யாணத்தில் மைக் பிடிப்பேன், சாவு வீட்டில்கூட மெதுவாக ஒரு ஜோக் சொல்லுவேன். அன்றைக்குச் சுவரில் படர்ந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டுக்குள் புஷ்பம் அப்போது அலமாரி முன் நின்றுகொண்டிருந்தாள். அவனுக்கும் அது தெரியும். சீனி கேட்ட சத்தம் இப்போதுதான் கேட்டது.

காகிதத்தைத் திரும்பவும் பைக்குள் தள்ளிவிட்டு அவன் சொன்னான்:

"அவளச் சொல்லச் சொல்லு."

"எதை?"

"அந்த ஆளுக்கு. நான் வாங்கிக்கிறேன்னு. பெரிய உபகாரம்னு. அவளுக்குத்தான் அந்தப் பக்கம் ஆள் தெரியும்." எழுந்துகொண்டே, "பாஸ்டர்கிட்டச் சொல்லிடாத லா," என்றான்.

உள்ளே போய்ப் புஷ்பத்திடம் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல், அரளிப்பூவோடு சேர்த்துச் சொன்னேன். அவள் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"கையெழுத்துப் போடச் சொல்லுங்க," என்றாள்.

போட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு லூசியம்மாள் திருநாளான டிசம்பர் பதின்மூன்றாம் தேதி வந்திருந்தால் இந்தக் கதை இன்னும் நன்றாக இருக்கும். வந்தது ஒன்பதாம் தேதி. நடந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. மாடிச் சபையில் நாற்பது பேர் முழங்காலில் நின்றார்கள். குமுதா மாரியாத்தாளுக்கு மாவிளக்குப் போட்டாள், மாவில் கொஞ்சம் லூசியம்மாளுக்கும் கிள்ளி வைத்தாள். பாஸ்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். புஷ்பம் ஜெபமாலையை முந்தானைக்குள் மறைத்து உருட்டினாள். அவர் பார்த்தார். தான் வாங்கி வந்திருந்த பன்னில் பாதியைப் பிய்த்து அவளிடம் கொடுத்தார். யார் கேட்டது யாருக்குக் கேட்டது என்று நான் விசாரிக்கவில்லை. அந்த அளவுக்குப் பெரிய கிராணி நான் இல்லை.

ஆப்பரேஷன் ஆன மூன்றாம் நாள், மாலை நாலு மணி இருக்கும். வார்டு ஜன்னலுக்கு வெளியே மழை. கட்டைப் பிரித்துக் கண்ணுக்கு மேலே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்திருந்தார்கள். கஞ்சித் தண்ணிக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் வெளிச்சம் வருகிறது, டாக்டர் பெண்ணின் கையில் விரல்கள் தெரிந்தன, எண்ணிச் சொன்னேன் என்றான். தெளிய மாதக்கணக்கில் ஆகுமாம். ஆனாலும் தெளியும் என்றாளாம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் ஸ்டூலில் புஷ்பம், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"டேய், அன்னிக்கு ஒரு கத பாதியில நின்னுச்சே," என்றான். "கிராணி மோட்சத்துல பெரட்டுக்கு நிக்கச் சொன்னான். அப்புறம்?"

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமாகத் தெரிந்தே சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான்.

"எல்லாரும் வந்து பேர் குடுத்தாங்க," என்றேன். "கடவுள் மட்டும் பத்து நிமிசம் லேட்டு."

"ம்."

"கிராணி அவருக்கு அரைப் பேர் போட்டுட்டான்."

அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. லயத்தில் பிறந்தவனுக்கு அது வயிற்றில் அடிக்கிற வார்த்தை, அதனாலேயே சிரிப்பு. அவன் தோள் குலுங்கியது. சிரிக்கக்கூடாது, தையல் இருக்கிறது என்று நான் பயந்து அவன் கையைப் பிடித்தேன். அவன் விடவில்லை, பிடித்துக்கொண்டான். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினான்.

"அவ சொல்லிட்டாளான்னு கேளு."

நான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் ஆரஞ்சுச் சுளையிலிருந்து நாரை உரித்துக்கொண்டே, "கையெழுத்துப் போட்ட அன்னிக்கே சொல்லியாச்சு," என்றாள்.

"என்னன்னு சொன்னாளாம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"பேர் தெரியாது, ஊர் தெரியாது, நீங்க தேடிப் புடிச்சுச் சொல்லுங்கன்னு லூசியம்மாகிட்டச் சொன்னேன். இந்த மனுசன் நன்றி கெட்டவரு இல்ல, வாய்தான் வராதுன்னு சொன்னேன்."

பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே ஈரம் வழிந்தது. மருந்தா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. அவள் கைப்பேசி மணி அடித்தது. சொட்டு மருந்து நேரம். ஆரஞ்சை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். கையைத் துடைத்தாள், மூடியை எடுத்தாள், கட்டை விரலால் இமையைத் தூக்கினாள். அவன் கண் இடமும் வலமும் அலைந்துகொண்டிருந்தது. சொட்டு விட வசதியில்லை. அவள் குனிந்தாள். நாற்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக, என்னைப் பார்க்காமல், அவனிடம் பேசினாள்.

"மேல பாருங்க."

பார்த்தான்.

என் வேலை அதோடு முடிந்தது. கையில் இருந்த ஆரஞ்சைத் தின்றேன்.